இரண்டரைப் பேர்ச் வீட்டுக்கு என்ன விலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழின் வீடு, காணி விளம்பரப் பக்கத்தில் கொழும்பு 13 என்று தொடங்கும் விளம்பரங்களைப் பார்த்தால் எல்லாம் ஒரே வாய்ப்பாடாகத்தான் இருக்கின்றன: இரண்டரைப் பேர்ச், பழைய வீடு, மாடி கட்டலாம், பேர்ச் இத்தனை இலட்சம், புரோக்கர்மார் தேவையில்லை. (அதைப் போடுவதே பல நேரம் புரோக்கர்தான் என்பது வேறு கதை.) வாங்க வருகிறவர் அந்தப் பேர்ச் விலையை வெள்ளவத்தையோடு ஒப்பிட்டு மலிவு என்கிறார். விற்கிறவர் கொள்ளுப்பிட்டியோடு ஒப்பிட்டு இன்னும் ஏற்றுகிறார். கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, புதுச்செட்டித் தெரு, கொம்பனித்தெரு, மருதானைப் பக்கத்து ஒட்டுச்சுவர் வீடுகளுக்கு இந்தப் பேர்ச் கணக்கே பொருந்தாது. பத்துப் பேர்ச் வெறுங்காணிக்கு ஏற்பட்ட அளவுகோலை இரண்டரைப் பேர்ச்சில் வைத்து அளப்பதால்தான் விற்கிறவர், வாங்குகிறவர் இருவருக்குமே கை சுடுகிறது.

விலை ஏன் ஏறுகிறது என்பதில் பெரிய மர்மம் இல்லை. 2021 நவம்பரில் திறந்த புதிய களனிப் பாலம் இங்குருக்கடைச் சந்திக்கே இறங்குகிறது. கட்டுநாயக்கா நெடுஞ்சாலையைப் பிடிக்க நகரைக் கடந்து போகவேண்டிய அலைச்சல் வடகொழும்புக்காரருக்கு இல்லை. 2022 இல் டொலர் 203 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360 ரூபாயைத் தொட்டபோது, இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சம்பாதிக்கிறவர்களுக்கு இங்குள்ள வீடுகள் திடீரென்று கைக்கெட்டின. செட்டியார் தெருவும் புறக்கோட்டையும் நடந்து போகிற தூரம். பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்க்கும்போது வதிவிடத்துக்குப் புள்ளி உண்டு, வாடகை ஒப்பந்தத்தைவிடச் சொந்த உறுதிக்கு (காணிப் பத்திரத்துக்கு) அது கூட. கொம்பனித்தெருவில் பேரா வாவிக் கரையில் எழுந்த கோபுரங்களைப் பார்த்து, இனி இந்தப் பக்கமும் அப்படித்தான் என்று நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். இதே வீட்டுக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்து, வாசலில் ஒரு பித்தளை விளக்கைத் தொங்கவிட்டு, 'டவுன்ஹவுஸ்' என்று பெயர் வைத்தால் விலை இன்னொரு படி ஏறுகிறது. ஆனால் ஏறிய விலைக்கு உண்மையில் கையில் கிடைப்பது என்ன?

ஒரு பேர்ச் என்பது 272.25 சதுர அடி. பதினேழு அடி முகப்பும் நாற்பது அடி ஆழமும் உள்ள வீடு 680 சதுர அடி, அதாவது இரண்டரைப் பேர்ச். இந்தப் பகுதியில் சாதாரணமாகக் காணும் அளவு இதுதான். பழைய வீடு இந்த 680 அடியையும் மூடிக்கொண்டு நிற்கிறது. வாசற்படி தெருவில் இருக்கும், குசினிச் சுவர் பின் ஒழுங்கையில் இருக்கும். அதை இடித்துப் புதிதாகக் கட்டப் போனால் இன்றைய விதிகள் வந்து நிற்கும். பின்பக்கம் 2.3 மீற்றர், அதாவது ஏழரை அடி, திறந்தவெளி விடவேண்டும். கட்டடம் உயர உயர அது 3 மீற்றர் ஆகும். முன்பக்கம் தெருக்கோடு, அதாவது அதைத் தாண்டித் தெருப்பக்கம் கட்டக்கூடாத எல்லை, எங்கே ஓடுகிறது என்பது மாநகர சபையின் தெருக்கோட்டுச் சான்றிதழில்தான் தெரியும். கணக்குக்கு ஐந்து அடி என்று வைப்போம். நாற்பதில் பன்னிரண்டரை போனால் ஆழம் இருபத்தேழரை அடி. பதினேழால் பெருக்கினால் 467 சதுர அடி. பக்கத்து வீட்டுச் சுவரில் புது வளையை (உத்தரத்தை) ஏற்ற முடியாது. தூணையும் அத்திவாரத்தையும் தன் எல்லைக்குள்ளேயே எழுப்பவேண்டும். அதற்கு இரு பக்கமும் ஒன்பது அங்குலம் விட்டால் உள்அகலம் பதினைந்தரை அடியாகிறது, ஆக 426 சதுர அடி. மூன்று அடி அகலப் படிக்கட்டு ஒன்றைப் போட்டுவிட்டு மிஞ்சுவதைப் பாருங்கள். விளம்பரத்தில் 680 அடிக்குக் காசு, கட்டும்போது கைக்கு வருவது அதில் மூன்றில் இரண்டு பங்குகூட இல்லை. "மாடி கட்டலாம்" என்ற இரண்டு சொல்லுக்குள் இத்தனை சங்கதி இருக்கிறது.

சிறு துண்டில் கட்டவே விடமாட்டார்கள் என்று சொல்லவில்லை. முன்பே தனித் துண்டாகப் பிரிந்து, தனிப் பிளேனும் (நில அளவைப் படமும்) தனி உறுதியும் உள்ள வீட்டுக்கு வழி இருக்கிறது. புதிதாகப் பிரிப்பதுதான் சிக்கல். நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதிப்படி குடியிருப்புத் துண்டு ஒன்று குறைந்தது 150 சதுர மீற்றர், ஏறத்தாழ ஆறு பேர்ச், இருக்கவேண்டும். ஐந்து பேர்ச் தாய்வீட்டை இரண்டு சகோதரங்கள் ஆளுக்குப் பாதியாகப் பிரிக்கக் கேட்டால் அனுமதி வராது. அப்போது நடக்கக்கூடியவை இரண்டு. வீடு முழுதாக விலைக்குப் போகும், அல்லது "பிரிபடாத அரைப் பங்கு" என்று உறுதி எழுதி, நடுவில் பலகைச் சுவர் வைத்து இருந்துவிடுவார்கள். அடுத்த தலைமுறையில் அந்த அரை ஆறிலொன்றாகவும் பன்னிரண்டிலொன்றாகவும் உடையும். அப்படி உடைந்த பங்கை வாங்குகிறவர் வாங்குவது வீட்டை அல்ல, 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின் கீழ் ஒரு வழக்கில் நிற்பதற்கு ஓர் இடத்தை.

இங்கேதான் சேர்த்து வாங்குகிற ஆட்கள் வருகிறார்கள். அடுத்தடுத்த ஐந்து இரண்டரைப் பேர்ச் வீடுகள் தனித்தனியே யாருக்கும் பெரிதாக உதவாது. ஐந்தையும் ஒரே கையில் சேர்த்தால் பன்னிரண்டரைப் பேர்ச், எண்பத்தைந்து அடி முகப்பு. அதன் பெறுமதி வேறு. ஆகவே முதல் வீட்டை ஊர் விலைக்கு, இரண்டாவதைச் சற்றுக் கூட்டி, நடுவில் மாட்டிக்கொண்ட கடைசி வீட்டைக் கேட்ட விலைக்கு வாங்குவார்கள். தெருவில் பரவுவது அந்தக் கடைசி வீட்டின் விலை மட்டும்தான். தேநீர்க் கடையில் "இன்னாரின் வீடு பேர்ச் இவ்வளவுக்குப் போனதாம்" என்றால், போனது எத்தனையாவது வீடு, எந்த வரிசையில் என்று கேட்கவேண்டும். அடுத்த தெருவில் அப்படிச் சேர்க்கிறவர் யாரும் இல்லையென்றால் அந்த விலையும் அங்கே இல்லை. மத்திய வங்கி வெளியிடும் காணிப் பெறுமதிச் சுட்டெண்ணும் கொழும்பு மாவட்டத்துக்கானது. ஜம்பட்டா வீதியின் ஒரு முடுக்குக்கு அதைத் தூக்கிக் காட்டுவது பயனில்லை.

உறுதி விஷயத்துக்கு வருவோம். சோலைவரிப் பற்றுச்சீட்டை உறுதிபோலக் காட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வரியை யாரும் கட்டலாம். முப்பது வருடம் கட்டியிருந்தாலும் அது உரித்து அல்ல. காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது வருடத்துக்குத் தேடவேண்டும்: ஈடு இருக்கிறதா, வழக்குப் பதிவு இருக்கிறதா, ஒரே சொத்து பதிவேட்டின் இரண்டு பக்கங்களில் ஓடுகிறதா. இந்த மூன்றாவது, பழைய கொழும்பில் அபூர்வம் அல்ல. ஓர் உறுதி பழைய சோலைவரி இலக்கத்தில், இன்னொன்று புதிய இலக்கத்தில் பதிவாகி, இரண்டும் வெவ்வேறு வீடுபோலக் கிடக்கும். நில அளவையாளரைக் கொண்டு பழைய பிளேனைப் புதிய பிளேனின் மேல் வைத்துப் பார்க்காமல் இது பிடிபடாது. 1973 ஆம் ஆண்டின் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டத்தில் வீடமைப்பு ஆணையாளர் கைக்குப் போய், பிறகு குடியிருந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வீடுகளும் இந்தப் பகுதியில் உண்டு. அவற்றுக்கு ஆணையாளர் கொடுத்த உறுதியைக் கண்ணால் பார்க்கவேண்டும். தவணை கட்டிய துண்டுகளும் கடிதங்களும் மட்டும் போதாது.

உரிமையாளர் வெளிநாட்டில் என்றால் அற்றோணித் தத்துவத்தோடு (அவர் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரத்தோடு) ஒருவர் வருவார். அது பதியப்பட்டதா, இரத்தாகவில்லையா, இந்த வீட்டை விற்க அதில் அதிகாரம் எழுதியிருக்கிறதா என்பவற்றோடு இன்னொன்றையும் பார்க்கவேண்டும். எழுதிக் கொடுத்தவர் உயிரோடிருக்கிறாரா? அவர் இறந்த நாளோடு தத்துவமும் முடிந்தது. காணொளி அழைப்பில் ஐந்து நிமிடம் பேசினால் தீருகிற சந்தேகத்தை மரியாதை பார்த்து விட்டுவிடுகிறார்கள்.

முற்பணத்தில் நடக்கும் தவறு இதைவிட எளிமையானது, இதைவிட அடிக்கடி நடப்பது. ஐம்பது ரூபாய் முத்திரையில் கைச்சாத்து வாங்கிக்கொண்டு ஐம்பது இலட்சம் கொடுக்கிறார்கள். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி காணி விற்பனை மட்டுமல்ல, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்படவேண்டும். விலை ஏறும் காலத்தில் இது ஏன் முக்கியம் என்றால், மூன்று மாதத்தில் கூடிய விலைக்கு வேறொருவர் வந்ததும் விற்கிறவர் மனம் மாறுவார். கையில் வெறும் பற்றுச்சீட்டு இருந்தால் முற்பணத்தைத் திருப்பிக் கேட்கலாம், வீட்டைக் கேட்க முடியாது. உடன்படிக்கையை எழுதிய கையோடு பதிந்தும் விடவேண்டும். ஒரே சொத்துக்கு இரண்டு எழுத்து இருந்தால், பொதுவாக முதலில் பதிந்ததுதான் நிற்கும். கைச்சாத்திடுவதற்கு முதல்நாள் பதிவகத்தில் இன்னொரு தடவை தேடச் சொல்வதற்கும் காரணம் அதுதான்.

"ஆள் இருக்கிறார், ஆறு மாதத்தில் எழுப்பிவிடலாம்" என்று சொல்லி விலையைக் குறைத்துத் தரும் வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். பழைய குடிவாடகைக்காரர் 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்குள் வருகிறவர் என்றால், அவர் குடிவந்த பிறகு வீட்டை விலைக்கு வாங்கியவர் "எனக்குக் குடியிருக்க வேண்டும்" என்ற காரணத்தைக் காட்டி வழக்குப் போடுவதை அந்தச் சட்டத்தின் 22 ஆம் பிரிவு தடுக்கிறது. குடிவாடகைக்காரர் இறந்தாலும் கூட இருந்த குடும்பத்தாருக்கு அந்த உரிமை தொடரலாம். மாதம் சில நூறு ரூபாய் வாடகைதான், ஆனால் வாங்கியவர் கோடிக்கணக்கில் போட்டுவிட்டு வாசலில் நிற்கிறார். 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் குத்தகைக்குக் கொடுத்த இடத்தின் உடைமையை மீட்க வேகமான வழியைத் தந்திருக்கிறது என்பதைக் கேள்விப்பட்டு, அது எல்லாருக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எழுத்தே இல்லாமல் அப்பா காலத்திலிருந்து இருக்கும் குடிவாடகைக்காரரின் விவகாரம் வேறு. அவருக்குச் சேரவேண்டியதைப் பேசிக் கொடுத்து, அவர் நொத்தாரிசு முன் உடைமையை ஒப்படைத்து வெளியேறிய பிறகே மீதிப் பணம் என்று உடன்படிக்கையில் எழுதுவதே இரு தரப்புக்கும் நல்லது. குடிவாடகைக்காரர்களும் தங்கள் உரிமையின் பெறுமதி தெரியாமல், லொறிக் கூலியும் ஒரு வருட வாடகையும் வாங்கிக்கொண்டு வத்தளைப் பக்கம் போய்விடுகிறார்கள். வாடகைப் பற்றுச்சீட்டுகள், மின்பட்டியல், தேருநர் இடாப்புப் பிரதி ஆகியவற்றை ஓர் உறையில் போட்டு வைத்திருப்பவருடன் பேசும் தொனியே வேறாக இருக்கும்.

சுவரையும் கூரையையும் பற்றி விளம்பரத்தில் ஒரு சொல்லும் வராது. பழைய வரிசை வீடுகளின் பொதுச் சுவர் பெரும்பாலும் கபூக்கல்லும் (வெட்டியெடுத்த செம்பாறைக் கல்லும்) சுண்ணாம்புச் சாந்தும். மழை படாதவரை அது நூறு வருடமும் நிற்கும். நடுவீட்டை இடித்ததும், அதுவரை ஓர் அறையின் உட்சுவராக இருந்தது வெளிச்சுவராகிறது. முதல் பருவமழையிலேயே கல் நீர் குடித்து, பக்கத்து வீட்டுக்காரரின் உட்பூச்சு தோல் உரிவதுபோல உரியும். அதன்மேல் இறுகச் சீமெந்து பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மோசமாகும். சுண்ணாம்புப் பூச்சோ, இடைவெளி விட்டு அடித்த தகரமோ மேல். கூரையிலும் இதே கதை. ஒரே முகட்டில் ஐந்து வீட்டுக் கைமரங்கள் தொடர்ந்து ஓடும். ஒருவர் தன் பகுதியை அறுத்து மாடி எழுப்பினால் அறுத்த விளிம்பில் ஈயத்தகடும் பீலியும் வைக்காமல் மேசன் சாந்தை அப்பிவிட்டுப் போவார். ஒழுக்கு பக்கத்து வீட்டில். அடுத்த வீட்டில் இடிப்போ பைலிங்கோ தொடங்கப் போகிறது என்றால், அதற்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தைக் கொண்டு வெடிப்பு முன்னாய்வு செய்யும்படி எழுத்தில் கேளுங்கள். ஏற்கெனவே இருக்கும் வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்தில் ஒட்டி, பக்கத்தில் திகதியை எழுதி, படம் எடுத்து வைத்தாலும் போதும். கண்ணாடி உடைந்தால் சுவர் அசைந்திருக்கிறது என்பதற்கு அதைவிட மலிவான சாட்சி கிடையாது.

மலக்குழாயையும் பாருங்கள். பல வரிசைகளில் ஐந்து வீட்டுக்கும் ஒரே குழாய், மூடி மட்டும் யாரோ ஒருவருடைய குசினிக்குள். ஒரு குளியலறை இருந்த வீட்டை மூன்று மாடியாக்கி நான்கு குளியலறை வைத்தால் அந்தப் பழைய நான்கு அங்குலக் குழாய் தாங்காது, பொங்குவது கடைசி வீட்டில். வாங்குவதற்கு முன் எல்லா மூடிகளையும் திறந்து, மேல்வீட்டில் ஒரு வாளி நிறத்தண்ணீரை ஊற்றி எங்கே வருகிறது என்று பார்க்க அரைமணிநேரம் போதும்.

செலவில் மறப்பவை: முத்திரை வரி முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். இரண்டு கோடி வீட்டுக்கு 7 இலட்சத்து 99 ஆயிரம் ரூபாய், நொத்தாரிசுக் கட்டணம் வேறு. உறுதியில் விலையைக் குறைத்துப் போட்டுத் தப்பலாம் என்று நினைக்கிறவர்களுக்கு, மாகாண இறைவரித் திணைக்களம் சந்தைப் பெறுமதியைத்தான் பார்க்கும் என்பது மீதியைக் கட்டச் சொல்லிக் கடிதம் வரும்போதுதான் தெரிகிறது. குறைத்துப் போட்டதால் வங்கிக் கடனும் குறையும். வங்கி எப்படியும் தன் மதிப்பீட்டாளரின் கட்டாய விற்பனைப் பெறுமதியை, அதாவது அவசரமாக விற்றால் கிடைக்கும் விலையை, வைத்துத்தான் கொடுக்கும். ஒடுங்கிய முடுக்குக்குள் உள்ள, பிரிபடாத பங்குள்ள வீட்டுக்கு அது ஊர் பேசும் விலைக்குப் பக்கத்திலும் வராது. கடன் கிடைக்கும் தொகையைக் கேட்டுவிட்டு விலை பேசுங்கள், விலை பேசிவிட்டுக் கடன் கேட்காதீர்கள்.

நான்கு பேர்ச்சில் நான்கு மாடி எழுப்பி, மாடிக்கு ஒருவராக விற்கும் புது வழியையும் சொல்லவேண்டும். வாங்குபவருக்குக் கிடைப்பது "பிரிபடாத நாலிலொரு பங்கு" உறுதியும் இன்ன மாடி இன்னாருக்கு என்ற ஓர் ஒப்பந்தமும். 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க மாடிவீட்டு உடைமைச் சட்டத்தின்படி கூட்டாதனத் திட்டப்படம் (ஒவ்வொரு மாடியையும் தனி அலகாகக் காட்டும் கொண்டோமினியம் படம்) அங்கீகாரம் பெற்றுப் பதியப்பட்டிருந்தால்தான் அந்த மாடி தனிச் சொத்து. இல்லையென்றால் நான்கு பேரும் நாலு மாடிக்கும் கூட்டுக்காரர், மொட்டை மாடியில் தண்ணீர்த் தாங்கி ஒழுகினால் யார் திருத்துவது என்பதற்கும் சட்டப்படி பதில் இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்து, இரட்டைக் குடியுரிமை பெறாத உறவினர்கள் இதில் இன்னும் ஆழமாக மாட்டுகிறார்கள். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் அவர்கள் காணி வாங்குவதைத் தடுக்கிறது. முழுப் பணத்தையும் உறுதிக்கு முன்பே வெளிநாட்டிலிருந்து அனுப்பினால் கூட்டாதன அலகு வாங்கலாம். திட்டப்படம் இல்லாத மாடி கூட்டாதன அலகு அல்ல, அது வெறும் காணிப் பங்கு. அதற்கு எழுதிய உறுதி செல்லாது.

இவற்றை முன்வைத்துத் தங்களிடமும் மாநகர சபையிடமும் ஆளுக்கொன்று கேட்கிறோம். தெருக்கோடு எந்தத் தெருவில் எத்தனை அடி உள்ளே ஓடுகிறது என்பதை மாநகர சபை தமிழிலும் ஒரு பட்டியலாக வெளியிடலாம். சான்றிதழுக்கு விண்ணப்பிக்க உரிமையாளரின் ஆவணங்கள் வேண்டும் என்பதால் வாங்குபவர் இப்போது முற்பணம் கொடுத்த பிறகே அதைத் தெரிந்துகொள்கிறார். தங்கள் விளம்பரப் பகுதியோ, ஆறு பேர்ச்சுக்குக் குறைந்த வீட்டு விளம்பரத்தில் பேர்ச் அளவோடு இன்னும் நான்கு விபரங்களைக் கட்டாயமாக்கலாம். இப்படி: "2.5 பேர்ச், 17 அடி முகப்பு, வீதி 12 அடி, தனி உறுதி, குடிவாடகைக்காரர் இல்லை." பேர்ச் விலையைப் போடும் இடத்தில் இது அடங்கிவிடும்.

இங்ஙனம்,
காணி அளவை, உறுதி, கட்டட வேலைகளில் உள்ள வாசகர்கள்,
கொழும்பு 13.